புள்ளியிட்ட இடங்கள்

அரசலாற்றங்கரையில், கும்பகோணத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை என்ன செய்வது என்னும் பேச்சு ஆறேழு ஆண்டுகளாகக் குடும்பத்தில் நடந்துகொண்டிருந்தது. போகியன்று தொடங்கும்; காணும் பொங்கலன்று அவரவர் பெட்டி கட்டும்போது ஓய்ந்துவிடும். சென்ற ஐப்பசியில் ஓரிரவு அம்மா முற்றத்தருகே வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன்பின் அதை வெறும் பேச்சாக வைத்திருக்க இயலவில்லை.

அம்மாவுக்கு வயது 79. (எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார், இருவருக்குமே அம்மாதான். கல்லூரி தஞ்சையில் என்பதால் வார இறுதிகளில் மட்டுமே ஊருக்கு வருகிறவர்கள் நாங்கள்.) அவர் படுப்பது கூடத்தில். கழிப்பறை கொல்லையில். இரவில் அங்கே செல்வதென்றால் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் நடந்து, இரண்டு படி இறங்கி, கிணற்றடியைக் கடந்தாக வேண்டும். அம்மாவின் நடைக்கு ஐம்பத்திரண்டு காலடி. ஐப்பசி, கார்த்திகையில் அதில் பாதித் தூரம் ஈரம்.

வீடு 1930களில் கட்டப்பட்டது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு நாட்டு ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்பதை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லையாதலால் சொல்லிவிடுகிறோம். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குக் கட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க அது இறுகும். மேலே தட்டோடு. எங்கள் கூடத்தின் கூரையில் இப்படி 22 கட்டைகள். அம்மாவின் படுக்கைக்கு நேர்மேலே இருக்கும் மூன்று கட்டைகளுக்கிடையில் சில ஆண்டுகளாகக் கசிவு.

கூரையைவிடச் சுவர் மோசம். இடுப்பளவு உயரத்துக்குக் காரை உப்புப் பூத்து, பொரிந்து, கைபட்டால் உதிர்ந்தது. 1994இல், அப்பா இருந்தபோது, ‘பலமாக இருக்கட்டும்’ என்று அந்த உயரம்வரை சிமெண்ட் பூசியிருந்தார்கள். அக்காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். அடியில் ஈரத்தடுப்பு இல்லாமல் கட்டிய பழைய வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. கூடவே உப்பும் ஏறுகிறது. சுவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘வயதாகிவிட்டது’ என்றே சொன்னார்கள். சிமெண்ட் படாத பின்கட்டுச் சுவருக்கும் அதே வயதுதான். அது நன்றாகவே இருக்கிறது.

அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது அவர் கட்சி. அதை எளிதில் புறந்தள்ள முடியாது. பழைய வீட்டில் போடும் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கமே. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர், தாம் குடியிருக்கும் வீட்டைக் கட்டக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். அதே வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனென்றால் 30,000தான். பேணுவதைவிடக் கட்டுவதற்கு ஏறத்தாழ ஏழு மடங்கு மதிப்பு.

தங்கை திருச்சியிலிருந்து தொலைபேசியில், “அம்மா என்ன சொல்றாங்கன்னு யாராவது கேட்டீங்களா?” என்றாள். கேட்டோம். “இடிச்சுக் கட்டுறதுக்கு நான் போனப்புறம் நெறைய நாள் இருக்கு. இப்ப ராத்திரி எழுந்தா நாலு எட்டுல கக்கூஸ் இருக்கணும். மழ பெஞ்சா மேல சொட்டக் கூடாது. வேலை நடக்கையில நான் வேற எங்கயும் போயி இருக்க மாட்டேன்.” நான்கு வாக்கியங்கள். வீடு புதுப்பிப்பது பற்றிப் பின்னால் நாங்கள் பார்த்த வரைபடங்கள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

கட்டுபவரைத் தேடும் வேலை கார்த்திகையில் தொடங்கியது. மழைக்காலத்தில் எவராவது கொத்தனாரைத் தேடுவார்களா என்று கேலி செய்தவர்கள் உண்டு. எங்கள் எண்ணத்தில் அதற்கு அதைவிட உகந்த காலம் இல்லை. வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடு. ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடித்த தளத்தை அடைமழையின் மூன்றாம் நாள் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், அவரைப்பற்றி வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் ஓய்வாக இருப்பதால் கொத்தனார்களும் நின்று பேசுவார்கள். தை பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிப்பது கடினம். கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டைக் காட்ட எல்லாரும் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஐந்து மழை கண்ட வீட்டைக் கேட்டால் சிலர் பேச்சை மாற்றுகிறார்கள்.

மூவர் வந்து பார்த்தார்கள்.

முதலாமவர் கும்பகோணத்தில் பல வீடுகள் கட்டியவர், மடிக்கணினியோடு வந்தார். பத்து நிமிடம் சுற்றிவந்து, இடிப்பதே சிக்கனம் என்றார். 1,400 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய், ஆக 33,60,000. எட்டு மாதம். திண்ணை இருந்த இடத்தில் மகிழுந்து நிற்கும் படம் ஒன்றையும் காட்டினார். எங்களிடம் மகிழுந்து இல்லை. ஆள் நேர்மையானவர், தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். வீட்டில் அவர் தொட்டுப் பார்த்த ஒரே பொருள் கதவு. தேக்கு நன்றாக விலைபோகும் என்றார்.

இரண்டாமவர் பொறியாளர். இடிக்க வேண்டாம், கூரையை மட்டும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாம், சுவருக்கு மறுபடி சிமெண்ட் பூசி ஆளுயரத்துக்குப் பளிங்கு ஓடு ஒட்டிவிட்டால் உப்புத் தெரியாது என்றார். ‘தெரியாது’ என்பதே அவர் சொன்ன சொல். நான்கு பக்க மதிப்பீடு அனுப்பினார். 14,20,000, கடைசி வரியில் ‘இதர செலவுகள் 10 விழுக்காடு’, ஆகமொத்தம் 15,62,000. ஒவ்வொரு வரியிலும் எண் இருந்தது. கூரைக் கட்டைகளை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது எங்களுக்கு நினைவிருந்ததால், அவ்வளவு எண்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் விளங்கவில்லை.

மூன்றாமவர் அடுத்த ஊர் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். தம் தந்தையோடு சுண்ணாம்பு வேலை பழகியவர். அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, போனது மாலை. ஏணி கேட்டார். சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொரு கட்டையையும் நடுவிலும் இரு முனைகளிலும் தட்டிக் காது கொடுத்தார். சுவருக்குள் புகும் இடத்தில் கோணி ஊசியை அழுத்திப் பார்த்தார். கட்டை நடுவில் கெடுவதில்லையாம். ஈரச் சுவருக்குள் மறைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்குமாம், கரையானும் அந்த வழியாகத்தான் வருமாம். பின்பு அம்மாவிடம் போய், இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார், எந்தக் கையால் பிடித்துக்கொண்டு நடப்பார் என்று கேட்டார். மற்ற இருவரும் அம்மாவுக்கு வணக்கம் சொன்னதோடு சரி.

மறுவாரம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிவந்தார். கூடத்தை ஒட்டிய நெல் அறையை, வாசற்படி இல்லாத தரையும் கைப்பிடியும் வைத்துக் குளியலறையும் கழிப்பறையுமாக மாற்ற 1,60,000. சுவரில் சிமெண்ட்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூச 2,10,000. மேல்தளத்தில் பழைய தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க 1,40,000. பின்கட்டு ஓடு பிரித்து மாற்ற 70,000. மின்சாரம், குழாய் 1,00,000. ஆக 6,80,000. அதற்குக் கீழே ‘கூடத்து மரம்’ என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

“இது என்ன, விட்டுட்டீங்களா?” என்று கேட்டோம்.

“விடல சார். மேல தொறந்து பாக்காம எத்தன கட்ட போயிருக்குன்னு சொல்ல முடியாது. இப்ப எழுதுனா பொய்யாத்தான் எழுதணும்.”

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் உ.வே.சா. நினைவுக்கு வராமல் போகமாட்டார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் சிதைந்துபோன அடிகள் பல. அவருடைய புலமைக்கு அவ்விடங்களை ஓசை பிசகாமல் நிரப்புவது பெரிய காரியமில்லை. அவர் நிரப்பவில்லை, புள்ளியிட்டு விட்டார். அந்தப் புள்ளிகளைக் கண்டால் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். நமக்கோ, புள்ளியில்லாத இடங்களை நம்பலாம் என்பதற்கு அவையே சான்று. நாட்காட்டித் தாளில் இருந்த கோடும் அந்த வகையைச் சேர்ந்தது. பொறியாளரின் ‘இதர செலவுகள் 10 விழுக்காடு’ என்பதும் அறியாமையைத்தான் குறிக்கிறது. ஆனால் எதை அறியவில்லை என்பதை அது சொல்லவில்லை. மேஸ்திரி தமக்குத் தெரியாத இடம் இன்னது என்று விரல் வைத்துக் காட்டுகிறார்.

உவமை அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேமநல நிதியை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. வெற்றிடம் விட்டு எழுதுவது நேர்மையாகவும் இருக்கலாம், வலையாகவும் இருக்கலாம். குறைந்த தொகையைக் காட்டி வேலையைத் தொடங்கி, வீடு பாதி பிரிந்துகிடக்கும்போது ‘இது கணக்கில் இல்லையே’ என்று கைவிரிப்பவர்களை இவ்வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தக் கோட்டுக்கு ஓர் எல்லை கட்டும்படி கேட்டோம். ஒரு கட்டையை மாற்ற, பழைய தேக்கு, முட்டுக்கொடுப்பது, மேலே பிரித்த சுண்ணாம்பைத் திரும்ப இடுவது எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டும் கெட்டிருந்தால் 1,98,000. அதாவது, மோசமான நிலையிலும் 8,78,000ஐத் தாண்டாது. தளத்தைத் திறக்கும் நாளில் நாங்கள் உடனிருக்க வேண்டும். மாற்றும் கட்டை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பின்பே எண்ண வேண்டும். இவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்போம்.

அண்ணன் 3,00,000 தருவதாகச் சொன்னார். “எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, அம்மாவுக்காகத் தர்றேன்” என்றார். தங்கை 1,00,000. மீதி எங்கள் பொறுப்பு; மிகுந்துபோனால் 4,78,000. எல்லை தெரிந்ததால்தான் மூவரும் பேசி முடிக்க முடிந்தது. வெறும் 6,80,000 என்று சொல்லித் தொடங்கி, இடையில் கூடுதலுக்குக் கை நீட்டியிருந்தால் அண்ணன் தம்பிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பொருட்களில் கவலை தந்தது மணல். காவிரிப் படுகையில் இருந்துகொண்டு மணலுக்கு அலைவது விந்தையாகத் தோன்றும். 2003இல் மணல் அள்ளுவதை அரசே ஏற்றுக்கொண்டது. இருந்தும் ஆற்று மணல் எளிதில் கிடைப்பதில்லை. கழிப்பறை வேலைக்கு எம்சாண்ட் போதும் என்றார் மேஸ்திரி. சுண்ணாம்புப் பூச்சுக்கு மட்டும் ஆற்று மணல் வேண்டுமென்று கேட்டார். பழைய கட்டடம் இடித்த ஒருவரிடமிருந்து சலித்து வாங்கினோம். கட்டைகளும் அப்படித்தான். இடித்த வீடுகளின் தேக்கு விற்கும் கடையில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். எந்தெந்த ஊர்க் கூடங்களின் கூரையோ! சிமெண்ட் மீதான வரி 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததைச் சொல்லி, அண்ணன் மறுபடி ஒருமுறை கான்கிரீட்டுக்கு வாதாடினார். எங்கள் கணக்கில் சிமெண்ட் மொத்தமே இருபது மூட்டைக்குள் இருந்ததால் வாதம் எடுபடவில்லை.

காலத்தை முடிவு செய்வதில் பஞ்சாங்கமும் பங்கேற்றது. வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாட்கள் ஆண்டுக்கு எட்டே. தையில் 12ஆம் நாள், மாசியில் 22ஆம் நாள். மார்கழியிலும் பங்குனியிலும் கிடையாது. வேலை தொடங்க எவரும் துணியாத ஆடியிலும் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. தங்கையின் மனம் கோணாதிருக்கத் தை 12இல் தொடங்கினோம். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும்போது கோல்களை நட்டு, நிழல் சாயாத சித்திரை நண்பகலில் திசையறிந்து கயிறு பிடிக்கிறார்கள். அங்கும் நாள் பார்த்திருக்கிறார்கள். செலவுக் கணக்கு மட்டும் நக்கீரர் பாடவில்லை.

உண்மையில் எங்கள் காலத்தை முடிவு செய்தவை வேறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். சம்பா அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டதால் ஆண் ஆட்கள் கிடைக்கிறார்கள். ஆனால் தாளடியில் தெளித்த உளுந்து பங்குனியில் காய் முற்றும்; அப்போது சித்தாள் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே தளத்தை அதற்குமுன் முடிக்க வேண்டும். சுவர் வேலைக்கோ சித்திரை, வைகாசிதான் ஏற்றது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி ஈரம் ஏறத் தொடங்கும். அதற்கு முந்திய வாரங்களில்தான் சுவர் மிகவும் உலர்ந்திருக்கும். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு வெடித்துவிடாதா என்று கேட்டோம். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு வேளைக்கு வேளை தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும் என்றார் மேஸ்திரி. அது எங்கள் கோடை விடுமுறை. ஆள் கிடைத்துவிட்டது.

வேலையின் வரிசையையும் அவரே வகுத்தார். வழக்கமாக மேலிருந்து கீழே வருவார்கள். இங்கே முதலில் கழிப்பறை. அது முடியாமல் வேறு எதிலும் கை வைப்பதில்லை. அது முடிந்ததும் பின்கட்டு அறையில் ஓடு மாற்றி, அம்மாவின் கட்டிலை அங்கே நகர்த்தி, அதன்பின் கூடத்துத் தளத்தைப் பிரிப்பது. கூடம் முடிந்ததும் கட்டில் திரும்பிவரும். இதனால் ஒன்றரை மாதம் கூடுதலாகும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். அம்மா ஓரிரவும் வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டியதில்லை என்பதற்கு அது விலையென்றால் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பணத்தைச் சனிக்கிழமைதோறும் ஆட்கூலியாகவும், பொருளை எங்கள் பெயரில் நேராகவும் வாங்குவதென்று ஏற்பாடு. மேஸ்திரியின் பங்கில் 34,000 ரூபாய், அதாவது மதிப்பீட்டில் நூற்றுக்கு ஐந்து, இவ்வாண்டு ஐப்பசி மழை கண்ட பிறகே. இதை நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்க, “கார்த்திகையும் பாத்துட்டே குடுங்க சார்” என்றார்.

கழிப்பறை மாசி முதல் வாரத்தில் முடிந்தது. கட்டிலிலிருந்து ஏழு காலடி. கூடத்துத் தளத்தைத் திறந்த சனிக்கிழமை அண்ணனும் வந்திருந்தார். இருபத்திரண்டில் ஏழு கட்டைகளின் முனை சுவருக்குள் உளுத்து, விரலால் அள்ளினால் மாவாக வந்தது. மற்ற பதினைந்தை மேஸ்திரி தட்டிக் காட்டினார், மணிபோல் கேட்டது. ஏழுக்கு 63,000. ஆகமொத்தம் 7,43,000. அண்ணன் உளுத்த முனையொன்றைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தொண்ணூறு வருஷம் இருக்குமில்ல?” என்று கேட்டார். யாரிடம் என்று தெரியவில்லை.

சித்திரை பிறந்ததும் சுவருக்குப் போகிறோம். சுண்ணாம்பு இப்போதே தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. திண்ணைக்குக் கம்பி அடைப்புப் போடுவது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது, போட்டே ஆகவேண்டும் என்கிறார் அண்ணன். மேஸ்திரி கேட்டால் செய்கிறேன் என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மணிக்கு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார், போகிற வருகிறவர்கள் நின்று பேசுகிறார்கள்.